சிப்பி சுவராகும் வழி

தன்னாமுனைக் கரையில் காய்ந்து கிடக்கும் மட்டி ஓடு ஒன்றை எடுத்துச் சோதித்தால், அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒரே சேர்வைதான் இருக்கும்: கல்சியம் காபனேற்று. கோழிமுட்டையின் கோதும் அதுதான். பாசிக்குடாவின் முருகைக்கல்லும், காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டிய சுண்ணக்கல்லும், பழைய வீட்டின் வெள்ளைச் சுவரிலிருந்து உதிரும் தூளும் அதுதான். ஆனால் முட்டைக்குக் கரண்டியால் ஒரு தட்டுப் போதும். பழைய சுவரை நகத்தால் சுரண்டலாம். மட்டி ஓட்டின்மேல் வெறுங்காலோடு ஏறினால் கிழிவது கால்தான். எதனால் ஆனது என்று கேட்டால் இவை எல்லாவற்றுக்கும் பதில் ஒன்று. எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு பதில். வாவியிலிருந்து சூளைக்கும் சூளையிலிருந்து சுவருக்கும் ஓர் ஓடு போகும் வழியில் அதன் பொருள் முழுச் சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. அடுக்கு மட்டும் திரும்பி வருவதில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போனால் சத்துருக்கொண்டானுக்கும் மயிலம்பாவெளிக்கும் இடையில் தன்னாமுனை வரும். ஒரு பக்கம் வாவி. கிழக்கே சவுக்கடிப் பக்கம் கடல். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்குக் கடல் வாய்கள் இரண்டுதான்: நகருக்கு அருகே பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. மாரியில் மேற்கே படுவான்கரை வயல்வெளிகளின் வெள்ளமெல்லாம் இறங்கி வாவியின் உப்பு குறைந்துவிடும். கோடையில் முகத்துவாரத்தை மணல் தூர்க்க, வெயில் நீரைக் குடிக்க, உப்பு மெல்ல ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிற உயிர்கள்தான் இங்கே நிலைக்கும். மீன் இடம் மாறிப் போய்விடலாம். சேற்றில் புதைந்த மட்டிக்கு அந்த வசதி இல்லை. அது இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு, நீர் தனக்குச் சரிவரும்வரை கிடக்கும். மூடிக் கிடக்கும் நாட்களில் ஓடு வளராது. வளர்ச்சி நின்ற அந்த இடைவெளி ஓட்டின் வெளிப்புறத்தில் ஒரு கோடாக விழுந்துவிடும். பெரிய மட்டி ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எந்த மாரி கடுமையாக இருந்தது என்று ஓரளவு படிக்கலாம்.

இந்த வாவியின் ஓட்டுயிர்களுக்கு ஒரு பழைய மனக்குறையும் இருக்க வேண்டும். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறது என்ற கதையைக் கேட்டு, இரவில் தோணியில் போய்த் தானும் கேட்டார். அந்த ஒலியை எழுப்புவது ஊரி என்னும் ஓட்டுயிர் என்று மீனவர்கள் சொன்னதை 1859இல் வெளிவந்த 'சிலோன்' நூலில் எழுதி வைத்தார். ஆனால் ஊருக்கு நிலைத்த பெயர் பாடும் மீனினுடையது. ஊரி சேற்றிலேயே கிடக்கிறது.

ஓடு எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் பிறகு நாம் நெருப்பு மூட்டிச் செய்வதெல்லாம் இந்த வேலையை அழிப்பதுதான்.

மட்டியின் உடலை மூடி, ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கிடக்கும் மெல்லிய தோலை உயிரியல் நூல்கள் மென்மூடி என்கின்றன. கட்டட வேலை முழுவதும் அதனுடையது. முதலில் வெளியே ஒரு புரதச் சவ்வை விரிக்கும். மட்டியின் மேல் தவிட்டு நிறத்தில் உரிந்து வருமே, அந்தத் தோல். அதன் உட்புறத்தில், நீரில் கரைந்திருக்கும் கல்சியத்தையும் இருகாபனேற்றையும் எடுத்துப் படிய வைக்கும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கல்சியம் உண்டு. வாவியில் அது கலப்புக்கு ஏற்பக் குறையும். உலை கிடையாது, அழுத்தம் கிடையாது. முப்பது பாகை வெப்பத்தில், சேற்றுக்குள், எலும்பில்லாத ஓர் உயிர் கல் செய்கிறது.

கல்சியம் காபனேற்று பளிங்காகும்போது அணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறையில் அடுக்கப்படலாம். கல்சைட்டு ஒரு முறை, அரகோனைட்டு இன்னொரு முறை. சூத்திரம் ஒன்றே. அரகோனைட்டில் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் அது கனமானது: கன சென்ரிமீற்றருக்கு 2.93 கிராம். கல்சைட்டு 2.71 கிராம்தான். கடினத்திலும் அரகோனைட்டு ஒரு படி மேல். நாம் வாழும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இயல்பாக நிலைக்க வேண்டியது கல்சைட்டு. அரகோனைட்டு காலப்போக்கில் கல்சைட்டாக மாறவே பார்க்கும். ஆனால் கடல்நீரில் நிறைந்திருக்கும் மகனீசியம் கல்சைட்டின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மட்டியின் புரதங்களும் எந்தப் பளிங்கு எந்தத் திசையில் எவ்வளவு வளரலாம் என்று கட்டுப்படுத்துகின்றன. மட்டி ஓட்டில் கிடைப்பது அரகோனைட்டு.

அரகோனைட்டு என்பதால் மட்டும் ஓடு உரமாகிவிடாது. தனி அரகோனைட்டுப் பளிங்கு தட்டினால் உடையும் கல்தான். ஓட்டை உடைத்து அதன் முறிவிடத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால், மயிரிழையைவிடப் பலமடங்கு மெல்லிய பளிங்கு இழைகள் தகடுகளாக அணிவகுத்து நிற்பது தெரியும். ஒரு தகட்டில் இழைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அடுத்த தகட்டில் அதற்குக் குறுக்கே சாய்ந்திருக்கும். பிளைவுட் பலகையில் மரத்தாள்களின் நார் மாறி மாறி ஓடுவதுபோல. இழைகளுக்கு இடையில் புரதம் மிக மெல்லிய படலமாக இருக்கிறது. ஓட்டின் எடையில் அது ஓரிரு வீதம்கூட இராது.

கல்லில் ஒரு வெடிப்பு தொடங்கினால் அதற்கு நேர்வழி கிடைத்துவிடும். ஒரே ஓட்டமாக மறுபுறம் போய்விடும். மட்டி ஓட்டில் அப்படி முடியாது. ஒரு தகட்டின் இழைகளுக்கு இடையில் புகுந்த வெடிப்பு அடுத்த தகட்டுக்கு வந்ததும் இழைகள் குறுக்கே கிடப்பதைக் காண்கிறது. திரும்ப வேண்டும். திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் புரதப் படலத்தைக் கிழிக்க வேண்டும், இழைகளை உராய்ந்து இழுக்க வேண்டும், ஒன்றுக்குப் பதில் நூறு சின்ன வெடிப்புகளாகப் பிரிய வேண்டும். அடித்தவனின் பலமெல்லாம் இதிலேயே செலவாகிவிடும். கரிபியக் கடலின் பெருஞ்சங்கு ஒன்றை எடுத்து இந்தக் குறுக்கடுக்கு எப்படி வேலை செய்கிறது என்று அளந்து காட்டிய ஆய்வு 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்தது. இத்தகைய இயற்கைக் கட்டுமானங்கள் உடைவுக்குக் காட்டும் எதிர்ப்பு, வெறும் கனிமப் பளிங்கைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கூடியது. அத்தனையும் அடுக்கின் விளைவு. வேறு எந்த மூலப்பொருளும் உள்ளே போகவில்லை.

மன்னாரின் முத்துச்சிப்பி அதே அரகோனைட்டை வேறு விதமாக வைக்கிறது. அதன் உட்புறத்தில் இழைகள் இல்லை. தட்டைச் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். ஒவ்வொரு சில்லின் தடிப்பும் ஏறத்தாழ அரை மைக்குரோன், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தின் அளவு. ஆகவே அடுத்தடுத்த படைகளில் பட்டுத் திரும்பும் ஒளி தன்னோடு தானே மோதி, சில நிறங்களைக் கூட்டியும் சிலவற்றைக் கழித்தும் வெளியே வருகிறது. முத்தின் பளபளப்பில் சாயம் எதுவும் இல்லை. எங்கள் மட்டியில் அந்தச் சில்லு இல்லாததால் உள்ளே மங்கிய வெள்ளைதான். அரசர்கள் போர் செய்து காத்த பொருளும் கால்மிதிக்குப் போடும் பொருளும் இரசாயனத்தில் ஒன்று என்பதை நகைக்கடைக்காரர் விளம்பரப்படுத்துவதில்லை.

எல்லா ஓடும் சூளைக்குப் போவதில்லை. கொஞ்சம் கோழித்தீனியில் சேரும். இடித்த சிப்பியைக் கொத்திய கோழியின் இரைப்பை அமிலம் அதைக் கரைக்கும். அந்தக் கல்சியத்தை எடுத்துக்கொண்டு கோழி ஏறத்தாழ இருபது மணித்தியாலத்தில் முட்டைக்கோதைக் கட்டி முடித்துவிடும். மட்டி ஆண்டுக்கணக்கில் செய்த வேலைக்கு இது மிகுந்த அவசரம். கோதில் அரகோனைட்டு இல்லை, கல்சைட்டு. குறுக்கடுக்கும் இல்லை, பளிங்குகள் உள்ளிருந்து வெளியே தூண்களாக நிற்கும், நடுநடுவே மூச்சுத் துளைகள் இருக்கும். வெளியிலிருந்து அமுக்கினால் தூண்கள் ஒன்றோடொன்று நெருங்கித் தாங்கும். உள்ளிருந்து அலகால் குத்தினால் பிரிந்து கொடுக்கும். தாய் மேலே அமரவும் குஞ்சு வெளியே வரவும் வேண்டிய பொருளுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். மட்டிக்கு உள்ளிருந்து உடைத்து வெளியே வரும் தேவை இல்லை. அதற்குக் கீல் இருக்கிறது.

இனிச் சூளை. சிப்பிச் சுண்ணாம்பு சுடும் முறை கரையோரமெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: காய்ந்த ஓடும் விறகோ சிரட்டையோ கரியோ மாறி மாறிப் படையாகப் போட்டு, கீழே காற்று வழி விட்டு, தீ வைப்பது. வேலை தெரியாதவன் பார்த்தால் குப்பை எரிவதாகத்தான் நினைப்பான். உள்ளே மூன்று காரியங்கள் வரிசையாக நடக்கின்றன.

முதலில் புரதம் எரியும். ஓடு கறுக்கும், மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். எடையில் பார்த்தால் போனது அற்பம். ஆனால் இழைகளைப் பிடித்திருந்த படலம் போய்விட்டது. இந்தக் கட்டத்தில் ஓட்டை வெளியே எடுத்தால் கையால் நொறுக்கலாம். ஓட்டின் உரம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை ஆய்வுகூடத்தில் கிடைக்காது.

வெப்பம் 400 பாகையை ஒட்டி ஏறும்போது அரகோனைட்டு கல்சைட்டாக மாறும். நெருங்கி நின்ற அணுக்கள் கால் நீட்டிக்கொள்ள, கன அளவு நூற்றுக்கு எட்டு அளவில் கூடும். இடம் போதாத ஓடு வெடிக்கும். சூளைக்குள் படபடவென்று கேட்பது இதனாலும்தான். 900 பாகையை நெருங்கும்போது மூன்றாவது: காபனேற்று உடைந்து காபனீரொட்சைட்டு வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது கல்சியம் ஒட்சைட்டு, சுட்ட சுண்ணாம்பு. ஒரு கிலோ சுத்தமான ஓட்டில் 440 கிராம் புகையோடு போய் 560 கிராம் மீதமாகும்.

விந்தை என்னவென்றால், எடையில் பாதிக்குக் கிட்ட இழந்த பிறகும் ஓடு ஓடாகவே இருக்கிறது. வரி தெரிகிறது, கீல் தெரிகிறது, மாரிக்கோடுகூடத் தெரிகிறது. பருமன் அவ்வளவாகக் குறையவில்லை. போன வாயுவின் இடமெல்லாம் நுண்துளைகளாகிவிட்டன. அந்தத் துளைகளில்தான் சுண்ணாம்பின் உயிர் இருக்கிறது. தீ மிஞ்சிவிட்டால் ஒட்சைட்டு மணிகள் ஒன்றோடொன்று உருகியொட்டித் துளைகளை அடைத்துவிடும். அப்படி அதிகமாக வெந்த சுண்ணாம்பு தண்ணீரில் போட்டாலும் அசையாமல் கிடக்கும். விறகுத் தீ சீமெந்து உலையைப்போல் 1,450 பாகைக்கு ஏறாது என்பது இங்கே குறையல்ல, அனுகூலம்.

நன்றாக வெந்த ஓட்டில் தண்ணீர் தெளித்தால் துளைகள் அதை உறிஞ்சும். சில நொடி ஒன்றும் நடக்காது. பிறகு சீறும், ஆவி கிளம்பும், ஓடு பிளந்து வெள்ளை மாவாக உதிரும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீரோடு சேரும்போது வெளிவிடும் வெப்பம், கணக்குப்படி பார்த்தால், ஏறத்தாழ நான்கு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். கன அளவும் ஏறத்தாழ இரட்டிக்கும். மட்டி அடுக்கியதில் கடைசியாக மிஞ்சியிருந்த உருவமும் இத்தோடு போயிற்று. இனி அது எந்த உருவத்தையும் ஏற்கும். சூளையும் தண்ணீரும் சேர்ந்து செய்வது இதுதான்: உரத்தைக் கொடுத்துவிட்டு வளையும் தன்மையை வாங்குவது. ஓட்டை ஓடாகவே வைத்துக்கொண்டு யாரும் சுவர் பூச முடியாது.

நீற்றிய சுண்ணாம்பின் ஒரு நகக்கண் அளவு வெற்றிலையில் ஏறும். வட்டாவில் பாக்கும் வெற்றிலையும் எவ்வளவு இருந்தாலும் சுண்ணாம்பு இல்லாமல் வாய் சிவக்காது. அதன் காரத்தன்மை பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருட்களைச் சிவப்பாக மாற்றுகிறது. செறிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12.4, வாயின் மென்தோலை அது சுடும். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவர் அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. சுண்ணாம்பு அதற்கு வழி திறந்துவிடுகிறது. உபசாரம் என்றாலும் உண்மை அதுதான்.

பெரும்பகுதி தொட்டிக்குப் போகும். நீரில் ஊறும் சுண்ணாம்பு சும்மா கிடப்பதில்லை. கல்சியம் ஐதரொட்சைட்டின் பளிங்குகள் கரைந்து, மீண்டும் படிந்து, நாளாக ஆகச் சிறிய, தட்டையான தகடுகளாகின்றன. தட்டைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால் பழைய சுண்ணாம்பு கரண்டியில் வெண்ணெயாக இழுபடும், புதியது திரியும். மூன்று ஆண்டு ஊறாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக்கூடாது என்று பழைய உரோமச் சட்டம் இருந்ததைப் பிளினி எழுதியிருக்கிறார். இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் கரண்டியின் கைப்பிடி வழியாகவே பளிங்கின் வடிவத்தை அறிந்திருக்கிறார்கள்.

சுண்ணாம்போடு மணல் சேர்த்துக் குழைத்துச் சுவரில் வைத்த பிறகு, சூளையில் போனது திரும்பி வரத் தொடங்கும். காற்றில் நூற்றுக்கு 0.04 பங்குதான் காபனீரொட்சைட்டு. அது ஈரத்தில் கரைந்து சுண்ணாம்பைச் சேர்ந்து மறுபடி கல்சியம் காபனேற்றாகும். வெளிப்புறத்தில் வாரங்களில் நடப்பது தடித்த சுவரின் நடுவே போய்ச்சேரப் பல ஆண்டுகள் ஆகும். 560 கிராம் மீண்டும் ஒரு கிலோவாகிவிட்டது. ஓட்டிலிருந்த காபன் வாவி நீரில் கரைந்திருந்தது. சுவரிலிருக்கும் காபன் அந்த ஊர்க் காற்றில் அலைந்தது, அடுத்த வீட்டு அடுப்புப் புகையும் அதில் இருக்கலாம். காபன்-14 முறையில் பழைய சாந்தின் வயதைக் கணிப்பது இதை வைத்துத்தான். சாந்து இறுகிய ஆண்டின் காற்றை அது பிடித்து வைத்திருக்கிறது. சரியாக வேகாத சிப்பித் துண்டு ஒன்று உள்ளே கலந்திருந்தால் கணக்குப் பிசகிவிடும். அது இன்னும் வாவியின் காபனையே வைத்திருக்கும்.

ஆக, ஓடும் சுவரும் இப்போது ஒரே சேர்வை. ஆனால் சாந்தில் இருப்பது கல்சைட்டு. அதுவும் எந்தத் திசையும் இல்லாமல், மணலுக்கு இடையில் கண்டபடி வளர்ந்த குருணை. ஒரே கனத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டின் உரத்துக்குச் சாந்து கிட்டவும் வராது.

தமிழ்நாட்டுக் கொத்தர்கள் இந்தக் குறையை அறிந்து செய்தார்களோ, கைப்பழக்கத்தில் கண்டார்களோ, சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்த்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிபோல் மின்னும் பூச்சில் முட்டை வெண்கரு உண்டு. சீனத்தில் பழங்காலச் சுவர்களுக்குப் பசையரிசிக் கஞ்சி சேர்த்தார்கள். அந்தக் கஞ்சியின் மாப்பொருள் கல்சைட்டுப் பளிங்குகளைப் பெருக்க விடாமல் சிறியதாகவும் நெருக்கமாகவும் வளர வைக்கிறது என்று சீன ஆய்வாளர்கள் 2010இல் விளக்கினார்கள். பளிங்குகளுக்கு இடையே சிறிதளவு உயிர்ப்பொருளை வைத்துக் கல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது மட்டியின் வித்தை. சூளையில் முதலில் எரித்துத் தொலைத்ததைத் தொட்டியில் வேறொரு வடிவில் திரும்பப் போட்டிருக்கிறார்கள். இந்தத் தற்செயல் எனக்கு மிகவும் பிடித்தது. தற்செயல்தானா என்று உறுதியாகச் சொல்லவும் மனம் வரவில்லை.

சாந்தின் பலவீனத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 மே 18இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டும்போது இன்றைய சீமெந்து உலகில் இல்லை. போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். கற்களைப் பிடித்து வைத்தது சுண்ணாம்பு. கிழக்குக் கரையில் சுண்ணாம்புக்கு எளிதில் கிடைத்தவை சிப்பியும் முருகைக்கல்லும். அத்தகைய சுவர் வாவியின் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் துளைகள் வழியாக விட்டுவிடும். நிலம் சற்று இறங்கினால் மென்மையான சாந்து வளைந்து கொடுக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து அதில் படிய வைத்து அடைத்துவிடும். சீமெந்தின் பளிங்கமைப்பு முற்றிலும் வேறு. நீரோடு சேர்ந்து நுண்ணிய களியாகிப் பின்னிப் பிணைந்து அடர்த்தியாக இறுகும். பலம் பல மடங்கு அதிகம். அந்தப் பலத்தைப் பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பின்னால் நிற்கும், உப்பு பளிங்காகும், பூச்சு பாளமாகக் கழன்று விழும். போகும்போது பழைய கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போகும். பலமானது என்பதும் பொருத்தமானது என்பதும் வேறு என்று இந்தப் பகுதியில் ஒவ்வொரு பழைய கட்டடத்தைத் திருத்தும்போதும் யாராவது செலவழித்துக் கற்கிறார்கள்.

சுண்ணாம்பின் கடைசி வேலை வெள்ளையடிப்பு. கோயில் திருவிழாவுக்கு முன், நத்தாருக்கு முன், கலியாண வீட்டுக்கு முன் அடிக்கும் வெள்ளை. பெரிய கல்சைட்டுப் பளிங்கு ஒன்றைப் பார்த்தால் அது வெள்ளையல்ல. கண்ணாடியாக உள்ளே ஊடுருவித் தெரியும், கீழே வைத்த கோடு இரண்டாகவும் தெரியும். சுவரில் அது வெள்ளையாக இருப்பது பொடிக் குருணைகளாகச் சிதறிக் கிடப்பதால். குருணைக்கும் இடையிலுள்ள காற்றுக்கும் நடுவே ஒளி எண்ணற்ற முறை வளைந்து எல்லா நிறத்தையும் ஒரேயளவில் திருப்பி அனுப்புகிறது. அடைமழையில் வெள்ளைச் சுவர் மங்கிச் சாம்பலாகத் தெரிவதை எல்லோரும் கண்டிருப்போம். அழுக்கல்ல அது. துளைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் புகுந்ததும் ஒளி வளையும் அளவு குறைந்துவிடுகிறது. காய்ந்தால் வெள்ளை திரும்பிவிடும். இன்றைய பெயின்ற்றில் இந்தத் தொல்லை இல்லை. அதன் வெண்மை தைத்தானியம் ஈரொட்சைட்டினது, ஒளியை அதைவிட வெகுவாக வளைப்பது. அதற்கான கனிய மணல் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையிலேயே கிடக்கிறது என்றாலும் பெயின்ற் வாளி எங்கோ சுற்றித்தான் வருகிறது.

சிப்பி போதாமல் போன காலத்தில் கல்குடா, பாசிக்குடாப் பக்கத்து முருகைக்கல்லையும் சூளைக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் அரகோனைட்டு, சூளைக்கு வேறுபாடு தெரியாது. கடலுக்குத் தெரியும். முருகைப்பார் போன கரையில் அலை நேராக வந்து மண்ணைத் தின்னும். 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைத் தடைசெய்தது. அதன் பிறகு சுண்ணாம்பு மலைநாட்டுப் பக்கமிருந்து வரத் தொடங்கியது. மாத்தளை, திகணைப் பகுதிகளின் தொலமைட்டுப் பாறை அது. கல்சியத்தோடு மகனீசியமும் கலந்த காபனேற்று.

இந்தக் கலப்பு சிறிய விடயமல்ல. மகனீசியப் பகுதி குறைந்த வெப்பத்திலேயே வெந்துவிடும். கல்சியப் பகுதி வேகும்வரை தீயை வைத்திருந்தால் மகனீசியம் மிஞ்சி வெந்து, துளையடைந்து, தண்ணீரை ஏற்க மறுக்கும். அது சுவருக்குள் போன பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஈரத்தைக் குடித்து வீங்கி, பூச்சில் சின்னச் சின்னக் கொப்புளமாக வெடித்து, குழி விடும். சிப்பிச் சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் சீறி அடங்கும். அதில் பழகிய மேசன் பையில் வரும் சுண்ணாம்பையும் அதே கணக்கில் எடுத்தால் அகப்பட்டுக்கொள்வார். பழைய கட்டடத்துக்குத் தொலமைட்டுச் சுண்ணாம்புதான் கிடைக்கிறதென்றால் கிழமைக்கணக்கில் தொட்டியில் ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கூலிக்கு நாள் எண்ணும் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது மேசனின் பாடு.